ஏவல் வினையும் காகித விமானமும்

தமிழ் படித்தவருக்கு எழுத வரும் என்பது ஊரார் நம்பிக்கை. திருமண அழைப்பிதழ், இரங்கல் தீர்மானம், வட்டாட்சியருக்கு விண்ணப்பம், ஜமாஅத் அறிவிப்பு என்று எது வேண்டுமாயினும் தமிழ்த்துறையைத் தேடி வருகின்றனர். நாமும் மகிழ்ந்து எழுதிக் கொடுக்கிறோம். படித்தவர் பாராட்டுவார், அல்லது வாளா இருப்பார். ஆயினும், எழுத்து தன் பணியைச் செய்து முடித்ததா என்பதை அந்தப் பாராட்டைக் கொண்டு அளந்துவிட முடியாது. செய்முறை கூறும் எழுத்தைப் பொறுத்தவரை அளவுகோல் ஒன்றே. படித்தவருடைய கை என்ன செய்தது என்பதே அது.

இவ்வுண்மையை மாணவர்க்கு உணர்த்துவதற்காகச் சில ஆண்டுகளாக நான் வகுப்பறையில் கையாண்டு வரும் பயிற்சி ஒன்றை இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன். அதற்குத் தேவையான கருவி ஒரு வெள்ளைத் தாள் மட்டுமே.

பயிற்சியும் விதிகளும்

இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர்க்குப் பயன்பாட்டுத் தமிழ் நடத்தும் வேளையில், காகித விமானம் மடிக்கும் முறையை எழுதுமாறு பணிப்பேன். படம் வரையக் கூடாது. எழுதிய தாளை வேறு வகுப்பைச் சேர்ந்த ஒருவரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதனை உரக்கப் படித்துக்கொண்டே மடிப்பார். எழுதியவர் அருகில் நிற்கலாம். வாய் திறக்கக் கூடாது. சாடை காட்டவும் கூடாது. எந்தச் சொல்லில் கை நின்றது, எந்தச் சொல்லில் கை வழி தவறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

முதல் ஆண்டில் இப்பயிற்சியை அறிவித்தபோது, “ஐயா, பேப்பர் ராக்கெட் விடுவதற்கா பி.ஏ. தமிழில் சேர்ந்தோம்?” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. வகுப்பு சிரித்தது. ஊர்ப் பெரியவர் ஒருவரும் பின்னர் இதே வினாவைச் சற்று நயமாக என்னிடம் கேட்டார். நேர்மையான வினா. அதற்குரிய விடையை நான் அன்று கூறவில்லை. மாணவர்களே கண்டுகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

காகித விமானம் விளையாட்டுப் பொருளே. எனினும் எளிய பொருள் அன்று. 2012ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜான் காலின்ஸ் என்பவர் வடிவமைத்த காகித விமானத்தை ஜோ அயூப் என்னும் விளையாட்டு வீரர் எறிந்தார். அது 69.14 மீட்டர் பறந்து உலகச் சாதனையாயிற்று. 2022ஆம் ஆண்டில் அச்சாதனையும் முறியடிக்கப்பட்டு 88 மீட்டரைக் கடந்தது. மடித்தவர் ஒருவர், எறிந்தவர் மற்றொருவர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் காலின்ஸ், அயூபின் அருகிலேயே நின்று சொல்லித்தர முடிந்தது. எழுத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. எழுத்தை அனுப்பிவிட்டு எழுதியவர் எங்கோ இருக்கிறார்.

கை காட்டிய குற்றங்கள்

ஏறத்தாழ எல்லா மாணவரும் முதல் வரியாக எழுதியது இது: “தாளை நீளவாக்கில் பாதியாக மடிக்கவும்.” எழுதியவர் எவருக்கும் இதில் ஐயம் எழவில்லை. மடித்தவர்களில் சிலர் நீண்ட விளிம்புகள் இரண்டையும் சேர்த்து மடித்தனர். அவர்கள் கையில் ஒல்லியான நீண்ட தாள் இருந்தது. சிலர் தாளின் நீளத்தையே பாதியாக்கினர். அவர்கள் கையில் பள்ளிக் குறிப்பேடு போன்ற குட்டைத் தாள் இருந்தது. இரு சாராரும் வாக்கியத்திற்குக் கீழ்ப்படிந்தவர்களே. “நீண்ட விளிம்புகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு மடிக்கவும்” என்று திருத்திய பிறகு எவரும் தவறவில்லை. ‘நீளவாக்கில்’ என்பது எழுதியவர் மனத்தில் உள்ள திசை. விளிம்போ படிப்பவர் விரலில் தட்டுப்படும் பொருள். விரலில் தட்டுப்படுவதைச் சொன்னால் மயக்கம் நீங்குகிறது.

இரண்டாவது, சொல்லாமல் விடப்பட்ட சொல். “பாதியாக மடிக்கவும். பிறகு மேல் மூலைகளை நடுக்கோட்டிற்கு மடிக்கவும்” என்றார் ஒருவர். நடுக்கோடு தெரிய வேண்டுமாயின் மடித்த தாளை மீண்டும் விரிக்க வேண்டும் அல்லவா? அந்த ‘விரிக்கவும்’ எழுதியவர் கையில் இருந்தது; தாளில் இல்லை. பழகிய கை தானே செய்துவிடும் செயலை மனம் கணக்கில் எடுப்பதில்லை. எதை மிக நன்றாக அறிவோமோ அதைச் சொல்லவே மறந்துவிடுகிறோம்.

மூன்றாவது, தமிழுக்கே உரிய ஓர் இடர். நம் மொழியில் வினையெச்சங்களை வரிசையாகத் தொடுத்துக்கொண்டே போகலாம். மொழித்தாளில் எப்போதும் முதல் மதிப்பெண் பெறும் மாணவி ஒருத்தி, “தாளை மடித்து, விரித்து, திருப்பி, மூலைகளைச் சேர்த்து, அழுத்தி, மீண்டும் மடித்து...” என்று ஒரே வாக்கியத்தில் விமானத்தை முடித்திருந்தாள். காதுக்கு இனிய வாக்கியம். ஆனால் மடிப்பவர் தாளிலிருந்து கண்ணை எடுத்து வாக்கியத்திற்குத் திரும்பும்போது, விட்ட இடம் எது என்று தெரியவில்லை. மூன்று முறை முதலிலிருந்து தொடங்கி, நான்காம் முறை சிரித்துக்கொண்டே தாளைக் கசக்கிவிட்டார். கண் திரும்பி வர ஓர் இடம் வேண்டும். ஒரு செயலுக்கு ஒரு வாக்கியம், ஒரு வாக்கியத்திற்கு ஓர் எண் என்னும் ஒழுங்கு அங்கேதான் பிறந்தது.

அதே வேளையில் தமிழின் சொல்லொழுங்கு செய்முறை எழுத்துக்குப் பெருந்துணை புரிகிறது என்பதையும் மாணவர்கள் கண்டனர். நம் வாக்கியத்தில் வினை இறுதியில் நிற்கிறது. எந்த மூலை, எதுவரை என்பன முன்னே வந்துவிடுகின்றன; ‘மடிக்கவும்’ என்னும் கட்டளை வரும்போது கை ஆயத்தமாக இருக்கிறது. ஆனால் எச்சரிக்கையைத் தனி வாக்கியமாக்கிப் பின்னே வைத்தால் அப்பயன் கெட்டுவிடும். “மடிக்கவும். ஆனால் நுனி சற்று வெளியே தெரிய வேண்டும்” என்று எழுதினால், ‘ஆனால்’ வருவதற்குள் கை மடித்து முடித்துவிடுகிறது.

வினைமுற்றைப் பற்றியும் ஒரு வாதம் நடந்தது. ‘மடிக்கப்பட வேண்டும்’ என்று சிலர் எழுதினர். யாரால் என்று தெரியாமல் மடித்தவர்கள் ஒருகணம் காத்திருந்ததைக் கண்டு அதைக் கைவிட்டனர். ‘மடியுங்கள்’ என்பது கனிவாக இருக்கிறது என்றார் ஒருவர். “மடியுங்கள் என்றால் மாண்டுபோங்கள் என்றும் பொருள் வருமே ஐயா!” என்றார் கடைசி வரிசைக்காரர். வகுப்பு மீண்டும் சிரித்தது. இருபொருள் தராத ‘மடிக்கவும்’ வென்றது. ஏவல் வினையைத் தேர்வுக்காக மட்டும் படித்தவர்கள், அதன் பயனை அன்று நேரில் கண்டனர்.

நன்னூல் அன்றே வகுத்தது

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்றும் அழகுகள் பத்து என்றும் வகுத்துள்ளதை நாம் அறிவோம். மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி, பின்னர் மறந்துவிடும் பகுதி அது. மாணவர்களின் குறிப்புகளைக் கரும்பலகையில் எழுதிப் பார்த்தபோது அப்பகுதியே அங்கு உயிர்பெற்று நின்றது. ‘நீளவாக்கில்’ என்பது மயங்க வைத்தல். ‘விரிக்கவும்’ விடுபட்டது குன்றக் கூறல். பறவைகளின் சுதந்திரத்தைப் பற்றிய அரைப்பக்க முன்னுரையோடு தொடங்கிய ஒருவருடைய செய்முறை, மிகைபடக் கூறல். இரண்டாம் வரியில் மேற்பக்கம் என்றதையே தாளைத் திருப்பிய பின் கீழ்ப்பக்கம் என்று குறித்தது மாறுகொளக் கூறல். அவ்விலக்கணம் புலவர்க்கு மட்டும் உரியது என்று எண்ணியிருந்தவர்கள், ஒரு தாளை மடிப்பதற்கும் அது பொருந்துவதைக் கண்டு வியந்தனர்.

எனக்குப் படிப்பில்லை, தம்பி

சோதிப்பவரைத் தேர்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. கூர்மூக்கு ராக்கெட் மடிக்கத் தெரியாத மாணவர் கிடையாது. ஆகவே, படிப்பவர் கை தாளில் எழுதியதைச் செய்யாமல், தான் சிறு வயதில் கற்றதையே செய்துவிடுகிறது. மோசமான செய்முறையும் தேறிவிடுகிறது. எனவே எங்கும் பரவலாகக் காணப்படாத மழுங்கிய மூக்குடைய விமானம் ஒன்றை அடுத்த பாடமாக வைத்தேன். சோதிப்பவராகக் கல்லூரி அலுவலகத்தில் உதவியாளராகப் பணிபுரியும் பெரியவர் ஒருவரை மாணவர்கள் அழைத்து வந்தனர். நாள்தோறும் தினத்தாள் படிப்பவர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்.

செய்முறையின் முதல் வரி, “தாளைச் செங்குத்தாக வைக்கவும்” என்றிருந்தது. பெரியவர் இருமுறை படித்தார். பிறகு தாளை எடுத்து மேசைமீது நிமிர்த்தி நிறுத்தினார். அது சாய்ந்தது. மறுபடியும் நிறுத்திக் கையால் பிடித்துக்கொண்டார். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் மாணவர்களைப் பார்த்து, “எனக்கு அவ்வளவு படிப்பில்லை, தம்பி” என்றார்.

செங்குத்து என்னும் சொல்லுக்கு அகராதி கூறும் பொருளை அவர் பிசகின்றிச் செய்திருந்தார். தவறு சொல்லில் இருந்தது. வெட்கமோ அவர் முகத்தில் இருந்தது. அன்று வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. எழுதிய மாணவன் விதியை மீறி வாய் திறந்தான். “இல்லை பெரியவரே, நான்தான் சரியாக எழுதவில்லை” என்றான். இப்பயிற்சி முழுவதிலும் நான் விரும்பி அனுமதித்த விதிமீறல் அது ஒன்றே.

செய்முறையைப் படித்துச் செயல்பட இயலாதவர், எழுத்தைக் குறை கூறுவதில்லை. தம்மையே குறை கூறிக்கொள்கிறார். வங்கிப் படிவத்தின் முன்னும், மருத்துவமனை அறிவிப்பின் முன்னும் நம் தாய்மார்கள் தயங்கி நிற்பதற்குக் காரணம் எழுத்தறிவின்மை மட்டுமன்று. அங்கே எழுதியவர், எழுதிய பின் ஒருவர் கையில் கொடுத்து நின்று பார்க்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

நான்கு முறை திருத்திய செய்முறை

மாணவர்கள் அச்செய்முறையை நான்கு முறை திருத்தினர். ஒவ்வொரு முறையும் புதிய ஒருவர் கையில் கொடுத்துச் சோதித்தனர். இறுதியில் அமைந்த வடிவம் வருமாறு. தேவைப்படுவது ஏ4 அளவுத் தாள் ஒன்று.

1. குட்டையான விளிம்பு உங்கள் பக்கம் இருக்குமாறு தாளை மேசையில் படுக்க வைக்கவும்.
2. நீண்ட விளிம்புகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தவும்.
3. தாளை மீண்டும் விரித்து, முன்போல் வைக்கவும். நடுவில் ஒரு கோடு தெரியும்.
4. உங்களுக்கு எதிரே தொலைவில் உள்ள இரு மூலைகளையும் அந்த நடுக்கோட்டில் சேருமாறு மடிக்கவும். இப்போது தாளின் தலைப்பகுதி வீட்டுக்கூரை போல் தெரியும்.
5. அந்தக் கூரை முழுவதையும் உங்களை நோக்கி மடிக்கவும். கூரையின் நுனி நடுக்கோட்டின்மேல் படியும். இப்போது தாள், மூடிய தபால் உறை போல் தெரியும்.
6. எதிரே புதிதாக இரு மூலைகள் தோன்றியிருக்கும். கூரை நுனி கட்டைவிரல் அகலத்திற்கு வெளியே தெரியும்படி இடம் விட்டு, அவ்விரு மூலைகளையும் நடுக்கோட்டில் சேருமாறு மடிக்கவும். விமானத்தின் மூக்கு கூராக இராது, மழுங்கியே இருக்கும்.
7. வெளியே தெரியும் சிறு முக்கோண நுனியை, அம்மூலைகளின்மேல் படியுமாறு எதிர்ப்பக்கம் மடிக்கவும். அது பூட்டுப் போல் இரு மூலைகளையும் பிடித்துக்கொள்ளும்.
8. மூக்கு இருந்த திசையிலேயே இருக்க, தாளைக் கவிழ்த்து வைக்கவும். பூட்டு அடியில் மறைந்துவிடும்.
9. இடப்பாதியை வலப்பாதியின்மேல் பொருந்துமாறு நடுக்கோட்டில் மடிக்கவும். இப்போது பூட்டு வெளிப்புறத்தில் இருக்கும்.
10. நடு மடிப்பிலிருந்து இரண்டு விரல் அகலம் விட்டு, மேலே உள்ள பாதியை இடப்பக்கமாக மடிக்கவும். இது ஓர் இறக்கை.
11. விமானத்தைப் புரட்டி, மறுபாதியையும் அதே அளவில் மடிக்கவும்.
12. இறக்கைகளை இருபுறமும் மட்டமாக விரித்து, அடிப்பகுதியைப் பிடித்து மெல்ல எறியவும்.

இதில் ‘தெரியும்’, ‘படியும்’ என்று முடியும் வாக்கியங்கள் கட்டளைகள் அல்ல, சான்றுகள். படிப்பவர் சரியான வழியில்தான் செல்கிறார் என்று அவருக்கே உறுதி கூறுபவை. வழிகேட்ட ஒருவரிடம், “ஆலமரம் வரும், அதைத் தாண்டிப் போங்கள்” என்று கூறுகிறோமே, அது போன்றவை. மூன்றாம் திருத்தத்தில் இவை சேர்ந்த பிறகே தயங்கிய கைகள் தயக்கம் நீங்கின. ‘வீட்டுக்கூரை’க்கு மாற்றாக ‘சமோசா’ என்று எழுதலாம் என்றாள் ஒரு மாணவி. நோன்பு மாதத்தில் வீட்டில் நூற்றுக்கணக்கில் மடித்தவள் அவள். உவமை என்பது அணியிலக்கணத்திற்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

படம் வரைந்தால் போதாதா என்று கேட்கலாம். மடிப்புக் கலைக்குப் படமொழி உண்டு. ஜப்பானியக் கலைஞர் அகிரா யோஷிசாவா தம் 1954ஆம் ஆண்டு நூலில் கையாண்ட சிறுகோடுகளும் அம்புக்குறிகளுமே, பின்னர் ஆங்கில நூலாசிரியர்களால் விரிவாக்கப்பட்டு உலகெங்கும் வழங்குகின்றன. நம் சென்னையிலும் 1893ஆம் ஆண்டிலேயே டி. சுந்தரராவ், தாள் மடிப்பின் வழியாக வடிவியலைக் கற்பிக்கும் ஆங்கில நூலை வெளியிட்டுள்ளார். படம் பெருந்துணைதான். ஆனால் படத்தின் குறிகளையும் ஒருவர் கற்றிருக்க வேண்டும். மேலும், தொலைபேசியில் மகனுக்குச் சொல்லும் தாய்க்கும், பார்வையற்ற மாணவர்க்கும் சொல்லே துணை.

தாளைத் தாண்டி

விமானம் பறக்காவிட்டால் இழப்பு ஒரு தாள். எல்லாச் செய்முறைகளிலும் இழப்பு அவ்வளவில் நிற்பதில்லை. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு வீட்டில் தயாரிக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலுக்கு, ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் சேர்க்க வேண்டும். ‘தலைதட்டிய’ என்னும் ஒரு சொல் விடுபட்டு உப்பு குவிந்துவிட்டால் மருந்தே தீங்காகும்.

வங்கதேசத்தில் பிராக் என்னும் தொண்டு நிறுவனம் 1980ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகச் சென்று தாய்மார்க்கு இக்கரைசலைக் கற்பித்தது. மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் நீர் என்று அளவைக் கையிலேயே அமைத்தனர். கற்பித்த பெண்களின் ஊதியம், அவர்கள் எத்தனை வீடுகளுக்குச் சென்றார்கள் என்பதை மட்டும் பொறுத்ததாக இல்லை. பின்னர் வேறொருவர் சில வீடுகளுக்குச் சென்று, தாய்மார் கரைசலைச் சரியாகச் செய்கிறார்களா என்று பார்த்து, அதற்கேற்பவே ஊதியம் கணக்கிடப்பட்டது. சொன்னவர் சொல்லுக்குக் கேட்டவர் கையே தீர்ப்பு வழங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட இல்லங்களை அப்பணி எட்டியது.

இதனை வகுப்பில் கூறிய மறுநாள் ஒரு மாணவி தன் வீட்டுச் செய்தியைக் கூறினாள். தம்பிக்குக் காய்ச்சல். மருந்துக் கடையில் கொடுத்த புட்டியில் மருந்து பொடியாக இருந்தது. “குறிவரை நீர் சேர்த்துக் குலுக்கவும்” என்று கடைக்காரர் சீட்டில் தமிழில் எழுதியிருந்தார். “உம்மா குறிவரை ஊற்றிக் குலுக்கினார்கள் ஐயா. நுரை அடங்கியதும் மட்டம் குறிக்குக் கீழே இறங்கிவிட்டது. தாம் ஏதோ கெடுத்துவிட்டோம் என்று பயந்து, அத்தா இரவு வீடு திரும்பும்வரை மருந்தே கொடுக்கவில்லை” என்றாள். குலுக்கிய பின் மட்டம் இறங்குவது இயல்பு; மீண்டும் குறிவரை நீர் ஊற்றிக் குலுக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியம் இல்லாமையால் ஒரு குழந்தை பகல் முழுவதும் காய்ச்சலோடு கிடந்தது; ஒரு தாய் தன்னையே நொந்துகொண்டாள்.

மாணவர்கள் அரைப்பக்கச் செய்முறை ஒன்றை எழுதினர். மருந்தாளுநர் ஒருவர் அதைச் சரிபார்த்தார். வெற்றுப் புட்டியும் மாவும் கொண்டு தத்தம் வீட்டுப் பெண்களிடம் சோதித்து, மூன்று முறை திருத்தினர். அந்தத் தாள் இன்று அவர்கள் தெருவில் பல வீடுகளின் அலமாரிக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. பேப்பர் ராக்கெட் விடுவதற்கா தமிழ் படித்தோம் என்ற வினாவை அதன்பின் எவரும் எழுப்பவில்லை.

காலம் செய்யும் சோதனை

இது புதிய சிந்தனையன்று. பொறியியல் அறிஞர் அல்-ஜஸரி 1206ஆம் ஆண்டில் நிறைவு செய்த தம் நூலில், நீர்க்கடிகாரம் முதலிய ஐம்பது கருவிகளைச் செய்யும் முறையை விளக்கியுள்ளார். படங்களில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எழுத்திட்டு, அவ்வெழுத்தைக் கொண்டே உரைநடையில் விளக்கிச் செல்கிறார். செய்து பார்த்து உறுதி செய்யப்படாத தொழிலறிவு ஐயத்திற்குரியது என்பது அவர் கொள்கை. டொனால்டு ஹில் என்னும் பொறியாளர் அந்நூலை 1974இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1976இல் இலண்டனில் அல்-ஜஸரியின் நீர்க்கடிகாரம் ஒன்று அவர் எழுதிய முறைப்படியே மீண்டும் உருவாக்கப்பட்டது. ஏறத்தாழ 770 ஆண்டுகளுக்குப் பின் வந்த, எழுதியவரின் மொழியையே பேசாத கைகள் அச்சோதனையைச் செய்தன. எழுத்து தேறியது.

மாணவச் செல்வங்களே, நீங்கள் ஆசிரியராகலாம், அலுவலராகலாம், கடை நடத்தலாம். எங்கிருந்தாலும், “தமிழ் படித்தவர்தானே, இதை எழுதிக் கொடுங்கள்” என்று ஒருவர் வந்து நிற்பார். எழுதுங்கள். எழுதிய பின், அதற்குப் புதியவரான ஒருவர் கையில் கொடுத்து, வாய் மூடி நில்லுங்கள். அவர் தடுமாறினால் அவருக்கு விளக்காதீர்கள்; வாக்கியத்தைத் திருத்துங்கள்.

தொடக்கமாக, மேலே உள்ள பன்னிரண்டு வரிகளை உங்கள் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். எந்த வரியில் அவர் கை நிற்கிறதோ அந்த எண்ணைத் தமிழ்த்துறைக்கு எழுதி அனுப்புங்கள். ஐந்தாம் திருத்தத்திற்கு மாணவர்கள் காத்திருக்கின்றனர்.